வேத வினா விடை: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கட்டுக் கடிதம்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவை. ஊரில் மூன்று இரவு நடந்த கூட்டத்தில் பத்தடித் துணியில் எழுதிய கடைசிக்கால வரைபடம் ஒன்றை மாட்டினார்களாம். கூட்டம் முடிந்தது, வாக்குவாதம் முடியவில்லை. அந்தக் கேள்விகளுக்கே இம்முறை இடம்.

கே: நான் லூத்தரன். மகன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். மருமகள் கத்தோலிக்கப் பிள்ளை. பக்கத்து வீட்டு அக்கா ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட். ஆயிர வருட அரசாட்சி பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வேதம் ஒன்றுதானே ஐயா? — ஒரு தாயார்

ப: வேதம் ஒன்றுதான் அம்மா. சண்டையெல்லாம் ஆறு வசனத்தில் இருக்கிறது. "ஆயிரம் வருஷம்" என்ற சொல் வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில், 2 முதல் 7 வரை, வசனத்துக்கு ஒரு முறை வருகிறது. கிறிஸ்துவின் அரசாட்சிக்கு இப்படி ஓர் ஆண்டுக்கணக்கை வேதம் வேறெங்கும் சொல்லவில்லை.

கிறிஸ்து முதலில் வருவார், பிறகு பூமியில் ஆயிரம் வருடம் ஆள்வார் என்பது உங்கள் மகன் சபையின் போதனை. அதைப் புதுசு என்று தள்ளிவிட முடியாது. இரண்டாம் நூற்றாண்டின் சபைப் பிதாக்களான யுஸ்தீனும் இரேனியுசும் ஏறக்குறைய இதைத்தான் நம்பினார்கள். உங்கள் சபையோ லூத்தரன்களின் விசுவாச அறிக்கையான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 17ஆம் பிரிவில் நிற்கிறது. உயிர்த்தெழுதலுக்கு முன்பே பக்தர்கள் உலக ராஜ்யத்தைக் கைப்பற்றுவார்கள் என்ற போதனையை அது கண்டிக்கிறது. ஆயிரம் வருடம் என்பது கிறிஸ்துவின் முதல் வருகையிலிருந்து நடந்துவரும் சபையின் காலம் என்பது இந்த வழி வந்தவர்களின் வாசிப்பு. இதை ஊன்றிச் சொன்னவர் ஐந்தாம் நூற்றாண்டின் அகுஸ்தீன். அவரே தொடக்கத்தில் மறுபக்கம் இருந்தவர். மருமகளின் சபையும் இதே வேரில் வந்ததுதான். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 676ஆம் பத்தி ஆயிர வருடக் கொள்கையை மறுக்கிறது. அதற்கு முந்திய 675ஆம் பத்தி, கடைசியில் சபை பெரும் சோதனை ஒன்றைக் கடக்கும் என்றும் சொல்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் சபைப்படி, அந்த ஆயிரம் வருடமும் பரிசுத்தவான்கள் பரலோகத்தில் இருப்பார்கள், பூமி ஆளில்லாமல் கிடக்கும். சுவிசேஷம் உலகை நிறைத்த பிறகே வருகை என்று சொல்லும் நாலாவது கட்சியும் உண்டு. நம் ஊர்ப்பக்கம் அதைக் கேட்பது அபூர்வம்.

சாப்பாட்டு மேசையில் பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு கேள்வி போதும். 4ஆம் வசனத்தில் "உயிர்த்து" என்றும் 5ஆம் வசனத்தில் "உயிரடையவில்லை" என்றும் இருப்பது கிரேக்கத்தில் ஒரே சொல். முதலாவதை ஆவிக்குரிய உயிர் என்றும் இரண்டாவதைச் சரீர உயிர் என்றும் பிரிப்பது எப்படி? இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். கிறிஸ்துவே நேரில் ஆயிரம் வருடம் ஆண்ட பிறகு, கடற்கரை மணலைப்போல அத்தனை பேர் கலகத்துக்கு எங்கிருந்து கிளம்புகிறார்கள் (20:8)? இது மகனுக்கு. இரண்டும் லேசான கேள்வி இல்லை. அதனால்தான் ஆயிரத்தெண்ணூறு வருடமாக ஓயவில்லை.

கே: "இரகசிய வருகை" என்ற சொல் வேதத்தில் எங்கே இருக்கிறது? வாலிபர் கூட்டத்தில் கேட்டேன், விசுவாசக் குறைவு என்றார்கள். — தொழிற்பயிற்சி மாணவர்

ப: உபத்திரவத்துக்கு முன்பே விசுவாசிகள் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்ற போதனைக்கு வைத்த பெயர் அது. அந்தச் சொல் வேதத்தில் இல்லை தம்பி. கேட்டதில் குறைவும் இல்லை. திரித்துவம் என்ற சொல்லும் வேதத்தில் இல்லையே, ஆகவே சொல் இல்லாததால் மட்டும் போதனை தவறாகிவிடாது. வசனம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூல வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:17. "கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு அழகாகப் போட்டிருக்கிறது. கிரேக்கத்தில் அது அப்பான்தேசிஸ். இதே சொல் புதிய ஏற்பாட்டில் வேறு இரண்டு இடங்களில் வருகிறது. மத்தேயு 25:6இல் கன்னிகைகள் மணவாளனுக்கு எதிர்கொண்டு புறப்படுகிறார்கள். அப்போஸ்தலர் 28:15இல் ரோமாபுரிச் சகோதரர்கள் அப்பியுபுரம், மூன்று சத்திரம் வரை வந்து பவுலை எதிர்கொள்கிறார்கள். அங்கே பவுலைக் கூட்டிக்கொண்டு அவர்கள் ரோமாபுரிக்குத்தான் திரும்பினார்கள், பவுல் வந்த வழியே போகவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு மேளத்தோடு சந்திவரை போகிறோம். மாப்பிள்ளையோடு அவர் ஊருக்குப் போய்விடுவதில்லை, நம் வாசலுக்குத்தான் அழைத்து வருகிறோம். அதேபோல், வருகிற ராஜாவை வரவேற்று அவரோடு பூமிக்கு வருவதே இந்த வசனத்தின் காட்சி என்பது ஒரு சாரார் வாதம். சொல்லுக்கு அவ்வளவு பாரம் ஏற்றக்கூடாது, யோவான் 14:3 பிதாவின் வீட்டுக்கு அழைத்துப்போவதைச் சொல்கிறதே என்பது மறுபக்கத்தின் பதில்.

மத்தேயு 24:40ஐயும் பாருங்கள். "ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்" என்று தமிழில் படித்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டவனே பாக்கியவான் என்று தீர்ந்துவிடுகிறது. கிரேக்கத்தில் இருப்பதோ "கொண்டுபோகப்படுவான், விடப்படுவான்" என்ற அளவுக்குத்தான். முந்திய வசனத்தில் வெள்ளம் வாரிக்கொண்டு போனது யாரை? அழிந்தவர்களை. அப்படியானால் விடப்பட்டவன் நோவாவைப்போலத் தப்பியவன் என்றும் படிக்கலாம். மொழிபெயர்த்தவர்கள் ஒரு பக்கத்தைத் தேர்ந்துவிட்டார்கள், நாம் அதன்மேல் வரைபடம் கட்டுகிறோம்.

வருகையை இரண்டாகப் பிரித்து, நடுவே ஏழு வருட உபத்திரவத்தை வைக்கும் முறையை 1830களில் வகுத்துப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. பிளிமத் சகோதரர் இயக்கத்தைச் சேர்ந்தவர். 1909இல் ஸ்கோஃபீல்ட் என்பவர் இந்த முறையை வேத வசனங்களுக்கு அடியில் குறிப்புகளாக அச்சிட்டார். மேலே வசனம், கீழே குறிப்பு, இரண்டும் ஒரே தாள். இருபது வருடம் அதையே புரட்டியவருக்கு எது பவுல் எழுதியது, எது ஸ்கோஃபீல்ட் எழுதியது என்பது மறந்துபோகும். நம் தமிழ் வேதத்தில் அதிகாரத் தலைப்புகள் இருந்தால் அவையும் மூலத்தில் இல்லாதவை. அதிகாரப் பிரிவே 13ஆம் நூற்றாண்டில் வந்தது, வசன எண் 1551இல். 1 தெசலோனிக்கேயர் 4இல் நிறுத்தாமல் 5:4 வரை ஒரே மூச்சில் படியுங்கள். "திருடனைப்போல" வரும் அந்த நாளைப் பற்றி விசுவாசிகளிடம்தான் பவுல் பேசுகிறார். முன்பே எடுக்கப்பட்டுப் போயிருப்பார்கள் என்றால் அந்த எச்சரிக்கை எதற்கு என்று கேட்கலாம். அவர்கள் இருளில் இல்லை என்பதே அங்கே ஆறுதல் என்றும் பதில் வரும்.

கே: மைகார்ட் அடையாள அட்டை, பொருளில் இருக்கும் கோட்டுக் குறி (பார்கோட்), இப்போது கியூஆர். இவற்றில் எது 666? — செம்பனைத் தோட்ட மண்டோர்

ப: எதுவும் இல்லை. கோட்டுக் குறிக்கு மட்டும் விளக்கம் தேவை, ஏனென்றால் அந்த வதந்திக்கு ஒரு காரணம் உண்டு. 13 எண் கொண்ட குறியில் இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்தில் மெல்லிய இரட்டைக் கோடு சற்று நீண்டு நிற்கும். படிக்கும் கருவிக்குத் தொடக்கமும் முடிவும் காட்டுகிற எல்லைக்கோடு அது. வலப்பாதியில் 6 என்ற எண்ணுக்கும் இரண்டு மெல்லிய கோடுதான். ஆனால் அந்த 6இல் கோடுகளுக்குப் பிறகு நாலு பங்கு வெற்றிடம் சேர்ந்தால்தான் எண் முழுமையாகும். எல்லைக்கோட்டில் அது கிடையாது, கருவி அதை எண்ணாகப் படிப்பதே இல்லை. மலேசியாவில் பதிந்த பொருள் என்றால் முதல் மூன்று எண் 955, பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வசனம். மிருகத்தின் இலக்கமான 666ஐப் பற்றி வெளிப்படுத்தின விசேஷம் 13:18 "கணக்குப்பார்க்கக்கடவன்" என்கிறது, அது "மனுஷனுடைய இலக்கம்" என்றும் சொல்கிறது. எபிரெயத்தில் எழுத்தே எண். நம் பழைய கணக்கில் ௧ ஒன்று, ௨ இரண்டு என்று போட்டதைப் பார்த்தவருக்கு இது விளங்கும். ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை நெரோன் கேசர் என்று எபிரெய எழுத்தில் போட்டால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. கூட்டினால் 666. லத்தீன் உச்சரிப்பில் நெரோ என்று கடைசி நூனை விட்டால் 50 குறைந்து 616. சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது, எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டிலும் அப்படித்தான். ஒரே பெயர் இரண்டு எண்ணையும் விளக்குவதால் இந்த விடைக்கு எடை அதிகம்.

ஆனால் இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய இரேனியுசு 616ஐப் பிழை என்றார், நீரோ பெயரை எடுக்கவே இல்லை. லாத்தேயினோஸ், தேயித்தான் என்று சில பெயர்களைக் கூட்டிக் காட்டிவிட்டு, அவசரப்பட்டு அறுதியிட வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். இன்று கைப்பேசியில் வரும் பட்டியல்களைவிட அவர் அடக்கமானவர்.

இந்தக் கணக்கில் வழக்கமாக நடக்கும் தில்லுமுல்லு, விடையை முதலில் வைத்துக்கொண்டு மொழியைத் தேடுவது. எபிரெயம் ஒத்துவராவிட்டால் கிரேக்கம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் ஏ-வுக்கு 6, அடுத்ததற்கு 12 என்று தாமே வகுத்த ஏணி. அப்படிப் போனால் யார் பெயரையும் மிருகமாக்கலாம். இன்னொன்று: 13ஆம் அதிகாரத்தை முடித்ததும் புத்தகத்தை மூடாமல் 14:1ஐப் படியுங்கள். ஆட்டுக்குட்டியானவரோடு நிற்பவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் இருக்கிறது. அதை யாரும் சில்லு என்றோ ஊசி என்றோ சொல்வதில்லை. ஒரு நெற்றி அடையாளம் பொருளில் விசுவாசம், அடுத்தது மட்டும் மின்னணுக் கருவி என்றால் காரணம் காட்ட வேண்டும்.

கே: தானியேல் 9ஆம் அதிகாரத்தின் எழுபது வாரத்தை நானே கூட்டிப் பார்த்தேன். கி.மு. 445இலிருந்து 483 வருடம் எண்ணினால் கி.பி. 39 வருகிறது. சிலுவைக்குப் பொருந்தவில்லை. எங்கே தவறு? — ஓய்வுபெற்ற கிராணி

ப: கூட்டல் சரி. செக்ரோல் கூலிக்கணக்குப் போட்ட கைக்குத் தப்புமா! நீங்கள் தொட்ட இடத்தில்தான் பண்டிதர்களும் பிரிகிறார்கள்.

முதலில் தொடக்கம். மேசியா வரையான கணக்கைத் தொடங்கும், எருசலேமைக் கட்டும் கட்டளை எது? பெர்சிய ராஜா கோரேசின் கட்டளை கி.மு. 538. பின்வந்த ராஜா அர்தசஷ்டாவின் 7ஆம் ஆண்டு (எஸ்றா 7) கி.மு. 458 அல்லது 457. அவருடைய 20ஆம் ஆண்டு (நெகேமியா 2) 445 அல்லது 444. ஏழும் அறுபத்திரண்டுமாக 69 வாரம், வாரத்துக்கு ஏழு வருடம் என்று பெருக்கினால் 483. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவே பூஜ்ய வருடம் இல்லை, ஆகவே கழித்த பிறகு ஒன்று கூட்ட வேண்டும். நீங்கள் கூட்டியிருக்கிறீர்கள். 457இல் தொடங்கினால் 483 கழித்தல் 457, அது 26. ஒன்று கூட்டினால் கி.பி. 27. இயேசுவின் ஞானஸ்நானத்துக்கு ஒட்டிவருகிறது, அட்வென்டிஸ்டுகள் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

445ஐ விடமாட்டேன் என்பவர்கள் வருடத்தின் நீளத்தை மாற்றுகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் 42 மாதமும் 1,260 நாளும் ஒன்று என்பதால் மாதம் 30 நாள், வருடம் 360 நாள். 483ஐ 360ஆல் பெருக்கினால் 1,73,880 நாள். அதைச் சூரிய வருடம் 365.2422ஆல் வகுத்தால் 476 வருடமும் சில நாளும். விடை கி.பி. 32. லண்டன் காவல்துறையில் உயர் பதவி வகித்த சர் ராபர்ட் ஆண்டர்சன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைப் பிரபலமாக்கினார். பார்க்கத் துல்லியம். இடர் என்னவென்றால், சிலுவை நடந்த ஆண்டாக அறிஞர் பெரும்பாலோர் சொல்வது 30 அல்லது 33, 32 இல்லை. யூதர்கள் 360 நாள் வருடத்தை அப்படியே நூற்றாண்டுக்கணக்கில் ஓட்டவும் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதிக மாதம் சேர்த்து அறுவடைக் காலத்தோடு சரிக்கட்டினார்கள்.

மூன்றாவது சாரார் மேசியா வரை போவதே இல்லை. கி.மு. 167இல் சீரியாவின் அரசன் அந்தியோகுஸ் எப்பிப்பானேஸ் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியதே 27ஆம் வசனத்தின் அருவருப்பு என்கிறார்கள். கல்வித்துறை அறிஞர்களில் பலர் இந்தப் பக்கம். அவர்களுக்கும் 490 வருடம் முழுதாகப் பொருந்தாது, சுற்று எண் என்று விடுகிறார்கள்.

எழுபதாவது வாரத்தை மட்டும் வெட்டி இரண்டாயிரம் வருடம் தள்ளி வைப்பதுதான் கூட்டத்தில் மாட்டிய வரைபடத்தின் முதுகெலும்பு. அப்படி ஓர் இடைவெளியை வசனம் வாயால் சொல்லவில்லை. ஆனால் 26ஆம் வசனம் மேசியாவின் மரணத்தையும் கி.பி. 70இல் நடந்த நகரத்தின் அழிவையும் 27ஆம் வசனத்தின் வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறதே என்று அவர்கள் காட்டுவதை அலட்சியம் செய்யவும் கூடாது.

பூஜ்ய வருடத் தவறு விளையாட்டில்லை. தானியேல் 8:14இன் 2,300ஐ வருடமாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணிய அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லர், கிறிஸ்துவின் வருகை 1843 என்று முதலில் சொன்னார். அந்த ஒரு வருடம் விட்டுப்போனது பிறகுதான் தெரிந்து 1844 ஆனது. 1844 அக்டோபர் 22ஐக் குறித்துக் காத்திருந்தவர்களில் சிலர் விளைச்சலை வயலிலேயே விட்டிருந்தார்கள்.

கே: இரத்த நிலா நாலு முறை பண்டிகை நாளில் வந்தது அடையாளம்தானே?

ப: 2014, 2015இல் நிலா சிவந்து தெரிந்த முழுச் சந்திர கிரகணங்களைக் கேட்கிறீர்கள். தைப்பூசம் எப்படிப் பௌர்ணமியை ஒட்டி வருகிறதோ, பஸ்காவும் கூடாரப் பண்டிகையும் அப்படியே பௌர்ணமியில் விழும்படி வகுத்தவை. சந்திர கிரகணம் பௌர்ணமியில் மட்டுமே பிடிக்கும். இரண்டும் சந்திப்பதில் ஆச்சரியம் இல்லை. நாலாவதான 2015 செப்டம்பர் 28 கிரகணம் நடந்தபோது நமக்குக் காலை பத்து மணி, நிலாவே வானில் இல்லை.

கே: கோகு என்றால் ரஷ்யாவா?

ப: இஸ்ரவேல்மேல் படையெடுக்கும் கோகுவைப் பற்றிய எசேக்கியேல் 38:2இல் உள்ள "ரோஷ்" என்ற எபிரெயச் சொல்லுக்குத் தலை, முதன்மை என்று பொருள். அதை ஊர்ப்பெயராக எடுப்பவர்களும் உண்டு. ரஷ்யாவின் பெயர் பிறந்த ரூஸ் என்ற சொல்லோ எசேக்கியேலுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் பிந்தியது. ஒலி ஒற்றுமை சான்றாகாது. 39:9இல் எரிப்பது வில், அம்பு, கேடகம். "எழுத்துக்கு எழுத்து" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் மட்டும் பீரங்கி, ஏவுகணை என்று மாற்றிக்கொள்வதைக் கவனியுங்கள்.

கே: மாமாவுக்கு 56 வயது. கர்த்தர் சீக்கிரம் வருகிறார், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து ஊழியத்துக்குக் கொடுக்கப்போகிறேன் என்கிறார். அத்தை அழுகிறார். என்ன சொல்வது? — வாசகி

ப: உடனே கவனிக்க வேண்டியது இது. 55க்குக் கீழே இருந்தால் சட்டமே பாதி காப்பாற்றும். 2024 மே முதல் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகிறது, எந்நேரமும் எடுக்கத்தக்க நெகிழ்வுக் கணக்கில் சேர்வது 10 விழுக்காடுதான். 55 தாண்டியவருக்கு அந்த வேலி இல்லை, 55 வயதுவரை சேர்ந்த முழுத்தொகையும் ஒரே மூச்சில் வெளியே வரும். ஆகவே மாமாவிடம் "எடுக்காதீர்கள்" என்று சண்டை போடாமல், "பகுதியாகவோ மாதத் தவணையாகவோ எடுங்கள்" என்று பேசுங்கள். மிச்சம் உள்ளே இருக்கும்வரை இலாப ஈவு சேரும். காணிக்கை கொடுப்பது அவர் உரிமை. தனிநபர் வங்கிக் கணக்கில் போடச் சொன்னாலோ, ரசீது கிடையாது என்றாலோ அங்கேயே நிறுத்துங்கள். அத்தையின் கையெழுத்தில்லாமல் வீட்டையோ நிலத்தையோ தொட வேண்டாம் என்றும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வேதத்திலிருந்து கேட்டால்தான் இறங்குவார் என்றால் லூக்கா 19:13. பத்து ராத்தல் கொடுத்த பிரபு, "நான் திரும்பிவருமளவும்" வியாபாரம் பண்ணச் சொன்னார், முதலைக் கரைக்கச் சொல்லவில்லை. நாள் நெருங்கிவிட்டது என்று வேலையை விட்ட தெசலோனிக்கேயருக்குத்தான் பவுல் வேலை செய்யாதவன் சாப்பிடக்கூடாது என்று எழுதினார் என்று பலர் விளக்குகிறார்கள் (2 தெச. 3:10). கிறிஸ்துவின் வருகை 2011 மே 21 என்று அமெரிக்கப் போதகர் ஹரோல்ட் கேம்பிங் வானொலியில் சொன்னதை நம்பி, நியூயார்க்கில் ஓய்வுபெற்ற ஒருவர் 1,40,000 டாலரை விளம்பரத்தில் போட்டார். மே 22 விடிந்தது. கேம்பிங் அக்டோபர் 21 என்று மாற்றினார், அதுவும் விடிந்தது. மறு வருடம் தாம் தேதி குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டார். போட்ட பணம் போட்டதுதான்.

கே: எங்கள் வாலிபர் கூட்டத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தைப் படிக்க ஆசை. எப்படித் தொடங்குவது? — கூட்டத் தலைவி

ப: எட்டு முதல் பத்து வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் விளக்கமே வேண்டாம். 404 வசனம், மூன்று பேர் மாறி மாறிச் சத்தமாக வாசித்தால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். 1:3இல் ஆசீர்வாதம் வாசிக்கிறவனுக்கும் கேட்கிறவர்களுக்கும்தான், ஏனென்றால் இது சபையில் வாசித்துக் கேட்பதற்கென்று எழுதிய கடிதம்.

அடுத்த இரண்டு வாரம் ஏழு சபைகள், இன்றைய துருக்கியின் வரைபடத்தோடு. லவோதிக்கேயாவுக்குப் பக்கத்தில் எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த நீர். "வெதுவெதுப்பு" என்ற கண்டனம் அந்த ஊர்க்காரனுக்கு எப்படிச் சுட்டிருக்கும் என்று பிள்ளைகள் தாமே சொல்வார்கள்.

பிறகு தானியேல் 7ஐ 13ஆம் அதிகாரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சிங்கம், கரடி, நாலு தலைச் சிறுத்தை, பத்துக் கொம்பு மிருகம்: தலைகளைக் கூட்டினால் ஏழு, கொம்பு பத்து. யோவான் கண்ட ஒரே மிருகத்துக்கு ஏழு தலை, பத்துக் கொம்பு, சிறுத்தை உடல், கரடிக் கால், சிங்க வாய். செய்தித்தாளுக்குப் போகுமுன் பழைய ஏற்பாட்டுக்குப் போக வேண்டும் என்பதை நீங்கள் சொல்லத் தேவையே இருக்காது.

எக்காளங்களையும் கலசங்களையும் ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். பூமி, சமுத்திரம், ஆறுகள், சூரியன் என்று வரிசை ஒன்றே. எக்காளத்தில் அழிவு மூன்றில் ஒரு பங்கு, கலசத்தில் அந்த வரம்பு இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவையா, ஒன்றையே திரும்பச் சொல்கிறதா? மூன்றாம் நூற்றாண்டின் விக்டோரினுஸ் திரும்பச் சொல்கிறது என்றார். பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதிடட்டும்.

கூட்டம் கெடுவது பெரும்பாலும் இரண்டு வழியில். எல்லாம் தெரிந்த ஒருவர் நாற்பது நிமிடம் பேசுவது ஒன்று. யாராவது கைப்பேசியில் காணொளி காட்டத் தொடங்குவது மற்றது. முதலாவதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம், இரண்டாவதற்கு வாசலில் ஒரு கூடை.

கடைசி வாரம் அந்தப் பத்தடி வரைபடத்தை இரவல் வாங்கி மாட்டுங்கள். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் அதற்கான வசன எண்ணைப் பென்சிலால் எழுதிய துண்டுத் தாளைப் பிள்ளைகள் குத்தட்டும். எண் கிடைக்காத அம்புகளுக்கு வெற்றுத் தாள் குத்தி, அப்படியே அதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.